தளர்ந்த அங்கியும் அதை அணியும் சலுகையும்

ஐரோப்பிய உடை வரலாறு என்றால் வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது. பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பெண்கள் கச்சுக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தார்கள்; நடுநடுவே துணிச்சல்காரர்கள் சிலர் தொளதொளவென்ற அங்கிகளைப் போட்டுக்கொண்டு உடம்புக்கு விடுதலை தேடினார்கள்; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே கச்சையே தூக்கியெறிந்தார்; அதோடு சுபம். இறுக்கம் என்றால் அடிமைத்தனம், தளர்வு என்றால் சுதந்திரம் என்ற இந்தச் சமன்பாடு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சியிருக்கும் அங்கிகளை உட்புறம் திருப்பிப் பார்த்தாலும் சரி, அவற்றை யார், வீட்டின் எந்த அறையில், எந்த நேரத்தில், யார் கண்ணெதிரே அணிந்தார்கள் என்று விசாரித்தாலும் சரி, கதை நிற்பதில்லை. அளவெடுத்துத் தைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிய 14ஆம் நூற்றாண்டிலிருந்து தொளதொள ஆடை ஒரு சலுகையாகவே இருந்து வந்திருக்கிறது. பிறர் விறைப்பாக நிற்கும் இடத்தில் தான் மட்டும் தளர்ந்திருக்கலாம் என்ற சலுகை அது. உடம்பின் சௌகரியம் அதில் இரண்டாம்பட்சம். பல சமயம் அதுகூடக் கிடையாது. அந்தச் சலுகையைப் பலரும் கைப்பற்றியபோதெல்லாம், தளர்ந்த உடை மறுபடி இறுகியது அல்லது விறைத்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம். இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டுக்கு நான் விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

தளர்ந்த உடை என்று ஒன்று தனியே கண்ணில் பட வேண்டுமானால் முதலில் இறுக்கமான உடை இருந்தாக வேண்டும். 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஐரோப்பாவில் அரசன் முதல் உழவன் வரை அணிந்தது அநேகமாக ஒரே வெட்டுதான்: நீள்சதுரத் துண்டுகள், விரிவுக்காகப் பக்கங்களில் சேர்த்த முக்கோணத் துண்டுகள், நேராக நீளும் கைகள், இடுப்பில் ஒரு வார். துணியின் தரத்திலும் நீளத்திலும் சாயத்திலும்தான் ஏற்றத்தாழ்வு தெரிந்தது. 1340களை ஒட்டி இது மாறுகிறது. தோளைச் சுற்றி வளைவாக வெட்டிக் கையைப் பொருத்துவதும், முன்புறம் நெடுகப் பொத்தான் வைப்பதும், பஞ்சு திணித்து மார்பைப் புடைக்க வைப்பதும் பரவின. 1364இல் போரில் இறந்த சார்ல் த ப்ளுவா என்ற பிரபுவுடையது எனப்படும் மேற்சட்டை ஒன்று லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கை இணைப்பு மார்புக்குள்ளும் முதுகுக்குள்ளும் பெரிய வட்டமாக இறங்குகிறது. அதனால் உடம்போடு ஒட்டிய சட்டையிலும் கையைத் தாராளமாக உயர்த்த முடியும். இறுகினால் அசைய முடியாது என்று நினைப்பவர்கள் அந்த வெட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டில் 1921இல் டென்மார்க் அறிஞர் பௌல் நோர்லுண்ட் தோண்டியெடுத்த கம்பளி உடைகள், மேலே பொருந்தியும் கீழே விரிந்தும் வெட்டும் தையல் அரண்மனைகளோடு நின்றுவிடவில்லை, ஐரோப்பிய உலகின் கடைக்கோடிக் குடியானவர்கள் வரை போயிருந்தது என்று காட்டுகின்றன. அக்காலத்து ஒழுக்கவாதிகளுக்கு இறுக்கம்தான் கேடு. 1346இல் கிரெஸி போரில் பிரான்ஸ் தோற்றதற்கு, பிரபுக்களின் குட்டையான இறுக்கச் சட்டைகளைக் கண்டு கடவுள் சினந்ததும் ஒரு காரணம் என்று பிரெஞ்சு அரச வரலாற்றேடு எழுதிவைத்தது.

இந்த இறுக்கத்துக்கு எதிரே, அதே நூற்றாண்டின் கடைசியில், ஹூப்பலாந்து என்ற மாபெரும் அங்கி வந்து நின்றது. தோளிலிருந்து குழல் குழலாக மடிப்பு விழுந்து தரையில் புரளும். கைகளும் தரையைத் தொடும். உள்ளே மென்மயிர்த் தோல் வைத்துத் தைத்திருப்பார்கள். லிம்பர்க் சகோதரர்கள் பெரி கோமகனுக்காக வரைந்த மாதக் காட்சிகளில் விருந்துக்கு வந்தவர்கள் அணிந்திருப்பது இதைத்தான். யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் படம் இன்னும் தெளிவு. அதில் பச்சை அங்கி அணிந்த பெண்ணைக் கர்ப்பிணி என்று பார்ப்பவர்கள் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவள் செய்வது வேறொன்றும் இல்லை. தரையில் புரளும் துணியை வயிற்றருகே அள்ளிப் பிடித்திருக்கிறாள். அந்த அங்கியில் நடக்க ஒரு கை துணிக்கே போய்விடும். இயந்திரத் தறி வரும் வரை ஓர் உடையின் விலையில் பெரும்பங்கு துணிக்கே. தையல் கூலி அற்பம். தேவைக்கு மேல் பல முழம் துணியைத் தொங்கவிட்டு, அதை அள்ளிப் பிடித்துக்கொண்டு, வேறு வேலை எதுவும் செய்யத் தேவையில்லாமல் நிற்க முடிவதுதான் அந்தத் தளர்வின் பொருள். ஹூப்பலாந்து மறைந்த பிறகும் நீள அங்கி நீதிபதிகளிடமும் பாதிரிமாரிடமும் பல்கலைக்கழகத்தாரிடமும் தங்கிவிட்டது. சித்திரை வெயிலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கறுப்பு அங்கியோடு போகும் வழக்கறிஞர்களும், பட்டமளிப்பு விழாவில் வியர்த்து வழியும் மாணவர்களும் அந்த மரபின் நேர் வாரிசுகள். அதை யாரும் சௌகரியத்துக்காக அணிவதில்லை.

தளர்வுக்கு நிலையான ஒழுக்கப் பொருள் எதுவும் இருந்ததில்லை என்பதற்கு 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனி ஒரு சாட்சி. அங்கே கூலிப்படை வீரர்கள் கீறிய துணிப்பட்டைகளுக்கு இடையே மெல்லிய பட்டு பிதுங்கித் தொங்கும் பிரம்மாண்டக் காற்சட்டைகளை அணிந்தார்கள். ஃபிராங்ஃபர்ட் அன் டெர் ஓடர் நகரத்து லூத்தரன் போதகர் ஆண்ட்ரேயாஸ் முஸ்குலுஸ் 1555இல் இதற்கெதிராகப் பிரசங்கமே செய்து, காற்சட்டைக்குள் ஒரு பிசாசு குடியிருப்பதாக நூலும் வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டுக்கு முன் துணி போதவில்லை என்று கோபித்த கடவுள் இப்போது துணி அதிகம் என்று கோபிக்கிறார். எரிச்சலூட்டியது எது என்று பார்த்தால், இரண்டு இடத்திலும் உடையின் அளவைவிட அதை அணிந்தவரின் தகுதிதான் உறுத்தியிருக்கிறது. கூலிக்குப் போரிடும் ஒருவன் பிரபுவைப் போலத் துணியை வீணாக்குவதை முஸ்குலுஸால் பொறுக்க முடியவில்லை. 1660களில் ஆண்களின் காற்சட்டைகள் பாவாடை அளவுக்கு அகன்றன. தெரிந்தவர் ஒருவர் இரண்டு காலையும் ஒரே பக்கத்தில் நுழைத்துக்கொண்டு நாள் முழுக்க அப்படியே திரிந்ததை லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அணிந்தவர் கனவான் என்பதால் அங்கே பிசாசு வரவில்லை, சிரிப்போடு போயிற்று.

மேலே போகுமுன் சான்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தளர்ந்த உடைகளின் வரலாற்றை ஓவியங்களை மட்டும் நம்பி எழுதுவது ஆபத்து. 1660களில் பீட்டர் லீலி வரைந்த ஆங்கில அரசவை அழகிகள் தோளிலிருந்து நழுவும் பட்டில் சாய்ந்திருக்கிறார்கள். அப்படி ஓர் உடையை எவரும் அணிந்து நடமாடியதில்லை. ஊசி குத்தி நிறுத்திய துணி அது. ஒரு நூற்றாண்டு கழித்து ஜோஷுவா ரெனால்ட்ஸ், அந்தந்த ஆண்டு நாகரிகத்தை வரைந்தால் படம் சீக்கிரம் கேலிக்குரியதாகிவிடும், பழங்காலச் சாயலில் துணியைச் சுற்றிவிடுவதே மேல் என்று தம் மாணவர்களுக்கு உபதேசித்தார். ஆகவே படத்தில் தெரியும் தளர்வு பல சமயம் ஓவியனுடையது. உடைகளிலும் சிக்கல் உண்டு. தளர்ந்த அங்கியில் துணி நிறைய என்பதால் அதைப் பிரித்துப் பிற்கால நாகரிகத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொண்டார்கள். எது மிகத் தொளதொளப்பாக இருந்ததோ அதுவே அழிந்துபோக அதிக வாய்ப்பு. எஞ்சியவற்றை வைத்து எண்ணிக்கை சொல்ல முடியாது. தைத்த விதத்தைச் சொல்லலாம்.

ஆண்களின் வீட்டு அங்கியான பன்யானில் இந்தச் சலுகையின் இலக்கணம் முழுதாகக் கிடைக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதிகள் ஜப்பானின் எடோ நகருக்குப் போய் அங்கே ஆட்சி செய்த ஷோகுனைப் பணிந்து வரும்போது பஞ்சு வைத்துத் தைத்த பட்டு அங்கிகள் பரிசாகக் கிடைக்கும். அவை ஹாலந்தில் பெரும் மதிப்புப் பெற்றன. வந்தவை சொற்பம், கேட்டவர்களோ ஏராளம். அந்த இடைவெளியை நிரப்பியது நம் கடற்கரை. மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் வரை கம்பெனிப் பண்டகசாலைகள் இருந்த சோழமண்டலக் கரையில், சாயவேரும் நிறம்பிடி காரமும் கொண்டு எழுதிய சீட்டித் துணிகள் அதே ஜப்பானிய வெட்டில் அங்கிகளாயின. வெர்மீர் 1668இலும் 1669இலும் வரைந்த வானியல் அறிஞரும் புவியியல் அறிஞரும் இத்தகைய அங்கியில்தான் மேசை முன் இருக்கிறார்கள். பெப்பிஸ் 1661 ஜூலையில் தமக்கு ஓர் ‘இந்திய அங்கி’யும் அறைக்கு ஓர் இழுப்பறைப் பெட்டியும் வாங்கினார். பெட்டி 33 ஷில்லிங், அங்கி 34. மரச்சாமானைவிட விலை கூடிய அந்த அங்கியைச் சொந்தமாக வைத்திருந்தும், 1666இல் ஜான் ஹெய்ல்ஸிடம் தம் படத்தை எழுதக் கொடுத்தபோது வேறோர் அங்கியை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டார். இந்த வாடகை விவரம் எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. ஓய்வாக இருப்பதற்கு யாரும் உடையை வாடகைக்கு எடுப்பதில்லை. ஓய்வாக இருப்பவன் என்று தோன்றுவதற்குத்தான் எடுப்பார்கள்.

அங்கியை அணிந்தவர் பொய்முடியைக் கழற்றிவைத்து மழித்த தலையில் தொப்பியோ தலைப்பாகையோ வைத்துக்கொள்வார். அந்தக் கோலத்தில் அவர் தம் அறையில் விருந்தினரை, வியாபாரியை, கடன் கேட்டு வந்தவரைச் சந்திப்பார். வந்தவர் முழு உடையில், முழு விறைப்பில் நிற்க வேண்டும். தளர்வின் அளவு இந்த இடைவெளியில்தான் அளக்கப்பட்டது. ஜேம்ஸ் தோர்ன்ஹில் 1710இல் ஐசக் நியூட்டனைத் தளர்ந்த அங்கியிலேயே வரைந்தார். அப்போது நியூட்டன் நாணயச்சாலையின் தலைவர், ராயல் சொசைட்டியின் தலைவர். சிந்தனையாளன் உடையைப் பற்றிக் கவலைப்படமாட்டான் என்ற பாவனையை அந்த அங்கி சுமந்தது. அந்தப் பாவனையின் விலையை நன்றாக உணர்ந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ. பழைய வீட்டு அங்கிக்குப் பதிலாக ஒரு புது ஆடம்பர அங்கி வந்து சேர்ந்ததும், அதற்குப் பொருத்தமாக அறையில் ஒவ்வொன்றையும் மாற்றவேண்டியதாயிற்று என்று அவர் 1769இல் எழுதிய புலம்பல் புகழ்பெற்றது. பழைய அங்கியில் அவர் பேனாவைத் துடைத்துக்கொள்ள முடிந்தது, புதியதில் முடியவில்லை. பன்யானும் தன் தளர்வைத் தக்கவைக்கவில்லை. அது காப்பிக் கடைக்கும் தெருவுக்கும் வரத் தொடங்கிய பின், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொருத்திய கைகளும் பொத்தான்களும் உள்ள மேலங்கியாக மாறியது. உள்ளே வெயிஸ்ட்கோட் அணிந்திருப்பதுபோல் தோன்ற முன்பக்கத்தில் மட்டும் துண்டுகளை வைத்துத் தைத்த பன்யான்கள்கூட அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பெண்களின் அங்கிகளில் கதை இன்னும் சுவையாகிறது, ஏனென்றால் அதில் தையல்காரர்களின் வயிற்றுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. 1670கள் வரை பாரிஸில் பெண்களின் எலும்பு வைத்த இறுக்கமான ரவிக்கையைத் தைக்கும் உரிமை ஆண் தையல்காரர்களின் சங்கத்துக்கே. அந்த வேளையில் வீட்டில் அணியும் மாந்துவா என்ற தளர்ந்த அங்கி பரவியது. தோளிலிருந்து நேராக விழும் முழு நீளத் துணி, பக்கத்தில் தையல், இடுப்பில் ஒரு பட்டை; எலும்பும் வேண்டாம், நுட்பமான வெட்டும் வேண்டாம். தையற்பெண்களால் இதைச் சுலபமாகத் தைக்க முடிந்தது. 1675இல் பதினான்காம் லூயி பெண்களுக்கென்றே தனித் தையற்சங்கத்தை அங்கீகரித்தார். எலும்பு வைத்த ரவிக்கையும் அரசவை உடையின் நீள வாலும் மட்டும் ஆண்களிடமே இருந்தன. தளர்ந்த உடையால் யாருக்காவது உண்மையான விடுதலை கிடைத்தது என்றால், அதை உடுத்திய சீமாட்டிகளைவிடத் தைத்த இந்தப் பெண்களுக்கே கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. மாந்துவாவின் பிற்காலம் விசித்திரமானது. அதன் மடிப்புகள் நிலைபெற்றன, வால் மடிந்து பின்னால் ஏறியது, அடியில் வளையப் பாவாடை வந்தது. 1740களில் இங்கிலாந்து அரசவையில் மாந்துவா என்றால் வெள்ளிச் சரிகை பூட்டி, கதவில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்ற அகலத்தில் நிற்கும் ஆகப்பெரிய சடங்குடை. படுக்கையறையில் பிறந்த அங்கி எழுபது ஆண்டுகளில் அரியணை மண்டபத்து விறைப்பாக உறைந்துவிட்டது.

ஃபிரான்ஸில் இதே பயணத்தை ரோப் வொலாந்த் என்ற அங்கி செய்தது. கழுத்திலிருந்து தரை வரை தடையில்லாமல் மடிப்பு மடிப்பாக மிதக்கும் அந்த உடை 1715இல் பதினான்காம் லூயி இறந்து அரசவை வெர்சாயை விட்டு பாரிஸுக்கு நகர்ந்த ஆண்டுகளில் எங்கும் பரவியது. மன்னரின் தம்பி மனைவி பலத்தினேட் இளவரசி இதை அடியோடு வெறுத்தார். படுக்கையிலிருந்து அப்படியே எழுந்து வந்ததுபோல் இருக்கிறது என்று குறைப்பட்டு, அதை அணிந்தவர்களைத் தம் முன் அண்டவிடவில்லை. மன்னரின் ஆசைநாயகி மோந்தெஸ்பான் தன் கர்ப்பத்தை மறைக்கவே இத்தகைய அங்கியைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் அவர்தான் கடிதத்தில் எழுதினார். வம்புக்கு அவர் பேனா எப்போதும் தயார் என்பதால் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய கோபத்தின் காரணம் மட்டும் நம்பத்தக்கது: தன் முன்னிலையில் யார் தளரலாம் என்பதைத் தீர்மானிப்பது தன் உரிமை என்று அவர் கருதினார். வாத்தோ 1720இல் தீட்டத் தொடங்கிய ஓவிய வணிகர் ஜெர்சேனின் கடைப் பலகையில் முதுகு காட்டி நிற்கும் பெண்ணின் அங்கியில் மடிப்புகள் எவ்வளவு தடையின்றி விழுகின்றன! ஆனால் அடுத்த பத்திருபது ஆண்டுகளில் இதுவே முன்புறம் உடலோடு பொருந்தி, முதுகில் மட்டும் மடிப்பு தொங்கும் ஃபிரெஞ்சு அங்கியாயிற்று. எஞ்சியிருக்கும் அத்தகைய அங்கிகளின் மடிப்பை விலக்கி உள்ளே பார்த்தால் நார்மடித் துணியில் ஓர் உள்தையல் இருக்கும். அதன் நடுவில் துளைகள், துளைகளில் நாடா. அணிபவரின் உடம்புக்கேற்ப அந்த நாடாவை இழுத்து முடிச்சுப் போட்ட பிறகே மேலே மடிப்பு அலட்சியமாகத் தொங்கும். அதற்கும் உள்ளே எலும்பு வைத்த கச்சு. வெளியே தெரிந்த தளர்வு முழுவதும், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கட்டிய இறுக்கத்தின் மீது விரித்த துணி.

இந்த இடத்தில் முதல் மறுப்பு எழும். உழைப்பவர்களின் உடையை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் தோன்றும் என்பார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் உழவர்களும் வண்டிக்காரர்களும் அணிந்த ஸ்மாக் அங்கி தொளதொளப்பானது. அதில் சலுகை எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. ஸ்மாக் முழுக்க நீள்சதுரங்களால் ஆனது. துணியில் ஒரு விரல்கூட வீணாகாது. மார்பிலும் கையிலும் துணியைச் சுருக்கிப் பூத்தையல் போட்டால் அந்த இடம் ரப்பர்போல் நெகிழும். முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருப்பதால் முன்புறம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தளர்வில் இரண்டு வகை உண்டு என்பதை இது நமக்குச் சொல்கிறது: துணியை மிச்சப்படுத்துவதால் வரும் தளர்வு, துணியை வீணாக்குவதால் வரும் தளர்வு. முதலாவது உழைப்பவனுடையது, அதை நாகரிகம் என்று அக்காலத்தில் யாரும் அழைக்கவில்லை, அவன் தளர்ந்திருக்கிறான் என்று யாருக்கும் உறைக்கவும் இல்லை. கிராமத்தில் ஸ்மாக் மறையத் தொடங்கிய 1880களில், லண்டனின் லிபர்ட்டி கடை அதே பூத்தையலைப் பட்டில் போட்டு வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் விற்றது. தளர்வு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது அப்போதுதான். ஆக இந்த மறுப்பை என் வாதத்துக்கு ஓர் எல்லையாக ஏற்கிறேன்: உழைப்பின் தளர்வுக்கு வேறு வரலாறு உண்டு, இங்கே பேசுவது பார்க்கப்படுவதற்காக அணிந்த தளர்வைப் பற்றி.

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது, இன்னும் கடினமானது. 1783 பாரிஸ் கண்காட்சியில் விஜே லெ ப்ரூன் அம்மையார் ராணி மரி ஆந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் அங்கியிலும் வைக்கோல் தொப்பியிலும் வரைந்து வைத்தார். நாடாவால் சுருக்கிய கழுத்து, இடுப்பில் ஒரு பட்டுப்பட்டை, அவ்வளவுதான் உடை. ராணி உள்ளாடையோடு வந்து நிற்கிறாள் என்று கூச்சல் எழுந்தது. வங்காளத்து மஸ்லினை அணிந்து லியோனின் பட்டு நெசவாளர்களைப் பட்டினி போடுகிறாள் என்றும் பேச்சு. படத்தை எடுத்துவிட்டுப் பட்டு உடையில் வேறொரு படத்தை மாட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் புரட்சி வந்தபோது அதே வெள்ளை மஸ்லின் குடியரசின் உடையானது. 1789இல் மூன்றாம் வகுப்புப் பிரதிநிதிகள் எளிய கறுப்பில்தான் வர வேண்டும் என்று விதித்த நாட்டில், 1793 அக்டோபரில் எந்தக் குடிமகனையும் இன்ன உடைதான் உடுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது எனச் சட்டமே வந்தது. உழைப்பாளியின் அகன்ற நீளக் காற்சட்டை அரசியல் அடையாளமாயிற்று. இங்கேயாவது தளர்வு விடுதலைதானே? சட்டத்தைப் பொறுத்தவரை ஆம், மறுக்க இடமில்லை. உடையைப் பொறுத்தவரை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ராணியின் குற்றம் தளர்ந்திருந்தது அல்ல. ட்ரியனோன் தோட்டத்தில் அதே உடையை அவர் அணிந்தார், தோழி டெவன்ஷயர் கோமகளுக்குப் பரிசாகவும் அனுப்பினார். தோட்டத்துச் சலுகையைப் பொதுச் சுவரில் மாட்டியதே குற்றம். புரட்சிக்குப் பிந்தைய வெள்ளை மஸ்லினோ ஒரு தெருப்புழுதியைத் தாங்காது. அதைத் தோய்த்துக் கஞ்சி போட்டுத் தேய்க்க வீட்டில் ஆள் வேண்டும். 1800இல் தாவித் வரைந்த மதாம் ரெகாமியே வெறுங்காலோடு சாய்ந்திருக்கிறார். அவர் கணவர் பாரிஸின் பெரிய வங்கியாளர்களில் ஒருவர். 1820களில் இடுப்பு பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கச்சின் துளைகளுக்கு உலோக வளையம் வந்து முன்னைவிட வலுவாக இழுக்கவும் வழி பிறந்தது.

சுகாதாரத்தின் பெயரால் பேசிய 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்களை இப்படிச் சுலபமாகக் கடந்துபோக முடியாது. 1881இல் லண்டனில் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகள் காலணி நீங்கலாக 7 பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 3 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று கேட்டது. அதைக் கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது என்பதே அன்றைய நிலையைச் சொல்லும். அவர்கள் உடம்பின் சௌகரியத்தை மனதார நினைத்தவர்கள். என் வாதம் அவர்கள் விஷயத்தில் தளர்கிறது. ஆனால் சங்கத்தின் கோரிக்கையைவிட வேகமாகப் பரவியது அதன் பக்கத்து வீட்டு நாகரிகம். 1865இல் ஓவியர் ரொசெட்டியின் லண்டன் செல்சி வீட்டுத் தோட்டத்தில் ஜேன் மோரிஸ் வளையப் பாவாடை இல்லாத தொங்கும் அங்கியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். அடுத்த இருபதாண்டில் அந்தத் தோற்றம் கலைரசனை உள்ளவர் என்பதற்கான சீட்டாகிவிட்டது. பஞ்ச் இதழில் து மோரியே கேலிச் சித்திரம் போட்டுத் தள்ளினார். ஓவியர் ஃபிரித் 1881 ராயல் அகாதமிக் கண்காட்சியை வரைந்த படத்தில் தொளதொள அங்கிக்காரர்களையும் நாகரிக இறுக்கக்காரர்களையும் எதிரெதிரே நிறுத்தினார். 1884இல் லிபர்ட்டி கட்டடக் கலைஞர் காட்வினைத் தலைவராக வைத்து உடைப் பிரிவைத் திறந்தது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு கலைஞர்களின் வட்டத்தில் நடமாடலாம். மாமியார் வீட்டு விருந்துக்குப் போக முடியாது.

மாமியார் வீட்டுக்கும் போகக்கூடிய தளர்வு டீ கவுன் என்ற பெயரில் 1870களில் வந்தது. மாலை ஐந்து மணித் தேநீருக்கு, வீட்டுக்குள், நெருங்கிய சிநேகிதிகள் மத்தியில் அணிவது. முதுகில் வாத்தோ படங்களின் மடிப்பையே மறுபடி தொங்கவிட்டார்கள். பாரிஸின் வொர்த் நிறுவனத்தில் தைத்தவை உட்பட எஞ்சியிருக்கும் பல டீ கவுன்களின் உள்ளே, முன்பு ஃபிரெஞ்சு அங்கியில் கண்டதுபோலவே, எலும்பு வைத்துப் பொருத்திய உள்தையல் இருக்கிறது. முன்னால் தொங்கும் மெல்லிய துணி மட்டும் காற்றில் ஆடும். 1890களில் அது இரவு விருந்துக்கே வந்துவிட்டது, வந்ததும் அலங்காரம் கூடி எடை ஏறியது. வியன்னாவில் எமிலி ஃப்ளோகெ தம் சகோதரிகளோடு 1904இல் திறந்த உடைக்கூடத்தில் இந்த முரண் வேறொரு வடிவில் தெரிகிறது. ஓவியர் கிளிம்ட் எடுத்த புகைப்படங்களில் எமிலி ஆட்டர்ஸே ஏரிக்கரையில் தோளிலிருந்து வழியும் சீர்திருத்த அங்கியில் நிற்கிறார். அவர் கூடத்தின் வாடிக்கைக்காரிகள் கேட்டு வாங்கிப் போனது பெரும்பாலும் பாரிஸ் நாகரிகத்தைத் தழுவிய பொருத்தமான உடைகளைத்தான். முதலாளியம்மாவுக்கு ஏரிக்கரையில் கிடைத்த சலுகை, பணம் கொடுத்த சீமாட்டிகளுக்கு வியன்னாவின் ரிங் சாலையில் கிடைக்கவில்லை.

கச்சை ஒரேயடியாகக் கொடியவனாக்குவதும் சரியல்ல என்று இந்தத் துறையின் அண்மைக்கால ஆய்வாளர்கள், குறிப்பாக 2001இல் கச்சின் வரலாற்றைத் தனி நூலாக எழுதிய வேலரி ஸ்டீல், காட்டியிருக்கிறார்கள். பலர் அதை மிதமாகவே இறுக்கினார்கள், முதுகுக்கு ஆதரவாகவும் கருதினார்கள். அதை ஏற்றுக்கொண்டால் கச்சை ஒழித்த வீரர் என்ற புவாரேயின் பட்டமும் ஆட்டம் காண்கிறது. அவர் 1906 முதல் தோளிலிருந்து தொங்கும் அங்கிகளைத் தைத்தார். 1910 வாக்கில் கணுக்காலருகே குறுக்கி, எட்டி நடக்க முடியாத பாவாடையையும் அவரே கொண்டுவந்தார். மார்பை விடுவித்துக் காலுக்கு விலங்கு போட்டேன் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். வெனிஸில் மரியானோ ஃபோர்த்துனி 1909இல் காப்புரிமை பெற்ற நுண்மடிப்புப் பட்டு அங்கி, உள்ளே எலும்பே இல்லாத உண்மையான தளர்ந்த உடை. அதையும் முதலில் வீட்டில் நெருங்கியவர்கள் முன்னால்தான் அணிந்தார்கள்; உடம்பின் ஒவ்வொரு வளைவும் அதில் தெரியும் என்பதால் அதைத் தெருவுக்கு எடுத்து வருவதற்கு நாடகமேடைக்குரிய துணிச்சல் வேண்டியிருந்தது. 1920களின் நேர்வெட்டு உடையைக் காட்டி, இதற்குமேல் என்ன தளர்வு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலைக்குப் போன பெண்கள் அதை அணிந்து டிராமில் ஏறினார்கள் என்பது உண்மை. சலுகை இவ்வளவு பேருக்கு முன்னெப்போதும் பரவியதில்லை. ஆனால் இடுப்பே இல்லாமல் நேராக விழும் உடை, இடுப்பே இல்லாத உடம்பைக் கேட்டது. பத்திரிகைகளில் உடல் மெலிவதற்கான குறிப்புகள் பெருகின. ரப்பர் கலந்த இடுப்புப்பட்டைகள் விற்றன. இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவில் சிமிங்டன் நிறுவனம், மார்பைத் தட்டையாக்குவதற்கென்றே பக்கவாட்டில் நாடா கோத்து இழுக்கும் ஓர் உள்ளாடையைத் தயாரித்து அந்தத் தொளதொள உடைகளுக்கு அடியில் அணிய விற்றது.